பூட்டிய எழுத்தும் கிழித்த சீட்டும்

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த அச்சகத்திலிருந்து நித்யா போன் செய்தாள். என் நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். பழைய கோப்புகளை எல்லாம் புதுக் கணினிக்கு மாற்றுகிறார்களாம்.

“அக்கா, நீங்க பண்ணுன ஃபைலு அம்புட்டுலயும் மொதப் பக்கத்துல கட்டம் கட்டமா ஒரு அட்டவணை இருக்கே, அது எதுக்கு? அழிச்சிரவா?”

“அழிச்சுப் பாரு, அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வாரேன்” என்றேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒத்தக்கடையிலிருந்து நான் சிம்மக்கல் அச்சகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அழித்துத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அட்டவணையில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வரும், அந்த எழுத்து கோப்புக்குள் என்ன எண்ணாகச் சேமிக்கப்படுகிறது, அவ்வளவுதான். ஆனால் அது இல்லாமல் போன ஒரே ஒரு தடவை, ஒரு மனுஷியின் ஒன்பது வருட உழைப்பு காணாமல் போனது. காணாமல் ஆக்கியவள் நான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் செக்கானூரணிக்கு மேற்கே. வீட்டில் விவசாயம். பள்ளிக்கூடம் முடித்து, டைப்ரைட்டிங்கில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு இந்த அச்சகத்துக்கு வந்தேன். நான் வந்த புதிதில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்துக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணினி வந்தது. டைப்ரைட்டிங் தெரிந்தவள் என்பதால் அதன் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். மற்றதெல்லாம் தட்டித் தடுமாறிக் கற்றுக்கொண்டதுதான்.

முதலாளி பெயர் வேலுச்சாமி. எங்களுக்கு அண்ணன். கோபம் வந்தால் மட்டும் முதலாளி. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கடையும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. ஒரு கடையில் அடித்த கோப்பை இன்னொரு கடையில் திறந்தால், அவர்களிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ தெரியும். கல்யாணப் பத்திரிகைக்காக அண்ணன் ஆள் வைத்து அழகான எழுத்துரு ஒன்று வரையச் செய்தார். ஒரே மாதத்தில் எதிர்க்கடைப் பத்திரிகையில் அதே எழுத்து. யாரோ ஒரு பிளாப்பி டிஸ்க்கில் போட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. எதைச் செய்தாலும் “பூட்டிட்டியா?” என்று கேட்பார்.

அப்படி இருக்கும்போதுதான் சாரதா பாய் மேடம் ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார்.

அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைத்துத் தருகிற டிரங்க் கால் பிரிவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தாய்மொழி சௌராஷ்டிரம். மதுரையில் தெருவுக்குத் தெரு சௌராஷ்டிரக் குடும்பங்கள் உண்டு. பல தலைமுறைக்கு முன்னால் குஜராத் பக்கமிருந்து வந்தவர்கள். கடையில் தமிழ், வீட்டுக்குள் அவர்கள் பாஷை. அதற்குத் தனி எழுத்தும் இருக்கிறது. ஆனால் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, அச்சடிக்க வழி அதைவிடக் குறைவு. அவர் முனிச்சாலை, கீழவாசல், காமராஜர் சாலை என்று வீடு வீடாகப் போய் அந்தப் பாஷையின் வார்த்தைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். ஒரு அகராதி போட வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

டின்னுக்குள் இருந்தவை டிரங்க் கால் சீட்டுகள். எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சீட்டு எழுதுவார்களாம். வெளியூருக்கு நேரடியாக டயல் செய்கிற எஸ்.டி.டி. வந்த பிறகு அவை தேவையில்லாமல் போய்க் கட்டுக் கட்டாகக் குப்பைக்குப் போக இருந்தபோது கேட்டு வாங்கி வந்திருக்கிறார். சீட்டின் பின்பக்கத்தில் வார்த்தை, தமிழில் அர்த்தம், யார் சொன்னது, எந்தத் தெரு. ஒரு சீட்டுக்கு ஒரு வார்த்தை. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

எழுத்துரு செய்ய எனக்கு எட்டு மாதம் ஆனது. பழைய சௌராஷ்டிரப் பாலபாடப் புத்தகம் ஒன்றை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு எழுத்தையும் திரையில் வளைவு வளைவாக வரைந்தேன். “கொம்பு இம்புட்டு நீளம் வராது. நம்ம பிள்ளைங்க இதப் பாத்துத்தான் எழுதப் படிக்கும். அழி” என்பார் மேடம். அழிப்பேன். எனக்கும் கோபம் வரும். ஒருநாள், “நீங்களே வந்து வரைங்க மேடம்” என்று எழுந்துவிட்டேன். அவர் அசையவில்லை. “என் வேலை லைன் கிளியரா இருக்கான்னு பாக்குறது. உன் வேலை கனெக்‌ஷன் குடுக்குறது. உக்காரு” என்றார். உட்கார்ந்தேன்.

புரூஃப் பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. அவ்வளவு கறாராகப் புரூஃப் பார்த்த ஆளை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. எனக்கு எழுத்துகளின் பெயரை மட்டும் கற்றுக்கொடுத்தார், வார்த்தைகளின் அர்த்தத்தை அல்ல; தமிழ் அர்த்தங்களைக் கடையில் இன்னொருவர் தனியாக அடித்தார். நான் திரையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக, போன் நம்பர் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். அவர் சீட்டைப் பார்த்தபடி அதைத் திருப்பிச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போனால் “கரெக்ட்” என்பார். இல்லாவிட்டால் “ரிப்பீட்.” அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அர்த்தத்தையும் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன்.

“அர்த்தம் தெரிஞ்சா கண்ணு தானா திருத்திக்கிரும். உனக்குத் தெரியாம இருக்கிறவரைக்கும்தான் நீ உள்ளத உள்ளபடி படிப்ப.”

கரெக்ட் ஆனதும் அந்தச் சீட்டை நான்காகக் கிழித்துக் கூடையில் போடுவார். திருத்தம் ஏற்றியாகிவிட்டால் புரூஃப் தாளுக்கும் அதே கதிதான். முதல் தடவை பதறிப்போய், “வச்சுக்கலாமே மேடம்” என்றேன்.

“ஒரே விஷயம் ரெண்டு இடத்துல இருந்தா, எது நெசம்னு நாளைக்கி சண்ட வரும். எங்க எக்ஸ்சேஞ்சுல அப்படி எத்தன பாத்திருக்கேன். ஒண்ணு இருந்தாப் போதும், அது சரியா இருக்கணும்.”

அந்த ஒன்று என் கணினியில் இருந்தது. ஒன்பது வருடம் தெருத் தெருவாக நடந்து சேர்த்ததை அந்தப் பெட்டியை நம்பிக் கிழித்துக்கொண்டிருந்தார்.

என்றாலும் விவரமானவர். அகராதியில் ஒவ்வொரு எழுத்துக்கான பகுதி முடிந்ததும் கோப்பின் பிரதியை ஒரு பிளாப்பியில் போட்டுத் தரச் சொன்னார். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பிளாப்பிய வாங்கிக்கிட்டு வேற கடைக்குப் போயிட்டா? எட்டு மாசம் வரஞ்ச ஃபாண்ட்டு நமக்கு என்னத்துக்கு? பூட்டிக் குடு.”

நானும் அதை நியாயம் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், என் சாமர்த்தியத்தைக் காட்ட ஒரு வாய்ப்பு என்றும் நினைத்தேன். நான் தட்டும்போது எழுத்துகள் ஒழுங்கான வரிசையில் இருக்கும். ஆனால் சேமிக்கும்போது ஒரு சின்ன நிரல் அவற்றைக் கலைத்துப்போட்டுவிடும். ஒன்று ஏழாகும், ஏழு இருபதாகும், இப்படி. கலைக்கிற வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தேன், என்னாலேயே யூகிக்க முடியாமல் இருக்கட்டும் என்று. தமிழ் அர்த்தங்களைப் பூட்டவில்லை, அவற்றை எல்லாக் கடையிலும் இருந்த ஒரு பொது எழுத்துருவில் அடித்திருந்தோம். கலைத்த பட்டியலை எங்கே வைத்தேன் தெரியுமா? அதே கணினியில். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியவள் நான். அன்றைக்கு அண்ணன் எல்லோர் முன்னாலும், “தவமணி மூள யாருக்கு வரும்” என்றார். நான் பூரித்துப் போனேன்.

அகராதியில் இன்னும் இரண்டே எழுத்துகளின் பகுதி மீதி இருந்தபோது ஒரு சித்திரை மாத மதியம் கரண்ட் வந்து வந்து போனது. மூன்றாவது தடவை வந்தபோது கணினிக்குள் ஏதோ கரகரத்தது. அதற்குப் பிறகு அது திறக்கவே இல்லை. பழுது பார்க்க வந்தவர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். எழுத்துரு போனது, நிரல் போனது, பட்டியல் போனது.

“டிஸ்க்கு போயிருச்சுன்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் வாயத் தொறக்காத” என்றார் அண்ணன். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது.

மறுநாள் சாரதா பாய் மேடம் வந்தார். டிஸ்க் போய்விட்டது என்றேன். அவர் பதறவில்லை. “அதுக்குத்தான பிளாப்பி வாங்கி வச்சது” என்று பிஸ்கட் டின்னைத் திறந்தார். கிழித்த சீட்டுகள் இருந்த இடத்தில் இப்போது பிளாப்பிகள் இருந்தன. இன்னொரு கணினியில் முதல் பிளாப்பியைப் போட்டேன். என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் போட்டேன், அவர் நிற்கிறாரே. வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கட்டமும் புள்ளியும் வால் முளைத்த கிறுக்கலும். எதிரில் தமிழ் அர்த்தம் மட்டும் சுத்தமாக இருந்தது.

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். “தமிழு மட்டும் எப்படி நல்லாத் தெரியுது?”

“வைரஸ்ஸும்மா” என்றார் அண்ணன்.

“வைரஸுக்கு சௌராஷ்டிரம் மட்டும் ஆகாதா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன். டின்னை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. அம்மா விவரம் கேட்டுவிட்டு, “யாரோட பாஷைக்கோ நீ எதுக்குடி இம்புட்டு அழுவுற?” என்றது. எனக்கே அது விளங்கவில்லை. அந்த வார்த்தைகளில் ஒன்றுக்குக்கூட எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றையும் எழுத்தெழுத்தாக என் வாயால் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்ததும் அவர் கிழித்த சத்தம் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை கடைக்குப் போகாமல் முனிச்சாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டியது, குலுக்கியது, சாவியை உள்ளே வைத்தது, முந்தின நாள் பொய் சொன்னது. திட்டுவார், துரத்துவார் என்று நினைத்தேன். அவர் எக்ஸ்சேஞ்ச் குரலில், “ரிப்பீட்” என்றார்.

மறுபடியும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது, அழுகை வந்துவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்.

“நீ பூட்டுன. நான் கிழிச்சேன். ஒருத்தி மட்டும் செஞ்சிருந்தா தப்பிச்சிருக்கும்.”

அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்ததும், “இப்ப என்ன பண்ணலாம், அதச் சொல்லு” என்றார்.

செய்ய ஒரு வழி இருந்தது. கலைந்திருந்தவை எழுத்துகளின் அடையாளம்தான், வார்த்தைகளின் வரிசை கலையவில்லை. அகராதி என்பதால் முதல் பகுதி முழுக்க ஒரே எழுத்தில்தான் தொடங்க வேண்டும். அந்தப் பகுதியில் ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் நிற்கிற கிறுக்கல் எதுவோ, அதுதான் முதல் எழுத்து. இப்படிப் பகுதி பகுதியாகப் போனால் முதலெழுத்துகள் கிடைத்துவிடும். மற்றவற்றுக்கு அவர் வேண்டும். நான் தமிழ் அர்த்தத்தை வாசிப்பேன். அது அவருக்குத் தெரிந்த வார்த்தையாக இருந்தால் உடனே சொல்வார். சொன்ன வார்த்தையையும் கிறுக்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் கிறுக்கல் எந்த எழுத்து என்று பிடிப்போம்.

அண்ணனிடம் லீவு கேட்டேன். காரணத்தையும் மறைக்கவில்லை. “எங்கிட்டக் கேக்காம எதுக்குச் சொன்ன?” என்று கத்தினார். “ஒங்களக் கேட்டா விட்டிருப்பீகளா அண்ணே?” என்றேன். அன்று சாயந்திரமே பழைய கணினி ஒன்றை ஆட்டோவில் ஏற்றி முனிச்சாலைக்கு அனுப்பிவைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது, ஆட்டோ வந்தது.

பழைய தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டோம். முதல் நாளில் பாதி எழுத்துகள் விழுந்தன. நான்காவது நாள் அப்படியே முட்டிக்கொண்டு நின்றது. ஒரே கிறுக்கல் இரண்டு எழுத்துக்குப் பொருந்துகிற மாதிரி தெரிந்தது. குலுக்கியபோது ஒரு சீட்டை இரண்டு தடவை எடுத்துவிட்டேனோ, அப்படியானால் பாதி அகராதி நிரந்தரமாகப் போச்சே என்று பயந்தேன். அவர், “ரிப்பீட்” என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். எல்லாவற்றையும் திரும்ப வாசித்தோம். தப்பு என் கட்டத்தில் இருந்தது, நான்தான் தாளில் வரி மாற்றி எழுதியிருந்தேன். ஒன்பதாவது நாள் மதியம் கடைசிக் கட்டமும் நிரம்பியது.

ஆனால் அட்டவணை சரிதானா என்று எப்படித் தெரியும்? அவருக்கு நினைவில் இருந்த வார்த்தைகளை வைத்துத்தானே அதைச் செய்தோம். அதனால் அவருக்கு மறந்துபோன ஒரு வார்த்தையைத் தேடினோம். “குழம்பு சுண்டியபின் சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பொருக்கு” என்று ஒரு அர்த்தம் இருந்தது. கல்யாண வீட்டுச் சமையல்காரர் ஒருவர் சொன்னதாகக் குறிப்பு. அவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. வேறு யாரிடமும் கேட்டதில்லையாம். வார்த்தை என்னவென்று சாரதா பாய் மேடத்துக்குச் சுத்தமாக நினைவில்லை.

நான் அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொன்னார். கடைசி எழுத்து முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு சத்தமாக. கண்ணைத் திறக்கவில்லை, ஓரத்தில் தண்ணீர் வந்துவிட்டது.

“கரெக்ட்” என்றார். “அந்த ஆளு கரண்டியால சட்டியச் சுரண்டிக்கிட்டேதான் இதச் சொன்னாரு.”

எனக்கும் அழுகை வந்தது. அவருக்கே மறந்துபோன வார்த்தையை அன்றைக்கு முதலில் சொன்னது என் வாய்.

எழுத்துருவை மறுபடி வரைந்தேன், இந்தத் தடவை மூன்றே மாதம். அகராதியை எங்கள் அச்சகமே அச்சடித்தது. சாரதா பாய் மேடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எழுத்துருவின் முழு அட்டவணை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வர வேண்டும், கேட்பவர்களுக்குப் பிளாப்பியும் தர வேண்டும். அண்ணன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள், “நம்மட்ட வந்து வாங்குறவன் நம்ம கடையத் தெரிஞ்சுக்கிருவான்ல, விடு” என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிச் சம்மதித்தார். அதற்குப் பிறகு நான் செய்த எந்தக் கோப்பிலும் முதல் பக்கத்தில் அட்டவணை இல்லாமல் இருந்ததில்லை, அது கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் சரி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு காலம் மாறியது. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் கொடுக்கிற யூனிகோடு வந்து, சில வருடங்களில் சௌராஷ்டிர எழுத்துக்கும் அதில் இடம் கிடைத்தது. இனி எந்தக் கணினியில் அடித்தாலும் அதே எழுத்துக்கு அதே எண். யாரும் குலுக்கிப் போட முடியாது. அட்டவணை கையில் இருந்ததால் பழைய கோப்பு முழுவதையும் இரண்டே நாளில் புது எண்ணுக்கு மாற்றிவிட்டேன். அதை இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுவிடலாம் என்றேன். சாரதா பாய் மேடத்துக்கு அப்போது எண்பது வயது நெருங்கியிருந்தது. யாரெல்லாம் எடுக்கலாம் என்று கேட்டார். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், சேர்க்கலாம், அச்சடிக்கலாம் என்றேன்.

“சேலத்துல இருக்கிற நம்மாளுங்க வந்து திருத்துவாங்களே. அவங்க பேச்சே வேற.”

“திருத்தட்டும் மேடம். நம்ம வார்த்தையும் பக்கத்துல இருக்கும்.”

யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

நான் குடிவந்திருந்த ஒத்தக்கடையில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் அதே பிஸ்கட் டின். புத்தகம் வந்த பிறகும் புது வார்த்தைகளைச் சேகரிப்பதை அவர் நிறுத்தவில்லை. அவ்வளவு பட்டும் கிழிக்கிற பழக்கத்தையும் விடவில்லை. கோப்பில் ஏற்றிக் கரெக்ட் ஆனதும் நான்காகக் கிழித்துவிடுவார். நான் எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பார்த்தேன், கேட்டால்தானே. அன்றைக்கு டின்னில் ஒரே ஒரு சீட்டு இருந்தது. அவரிடமிருந்த கட்டுகளிலேயே அதுதான் கடைசி.

அதையும் ஏற்றினேன். வழக்கம்போல எழுத்தெழுத்தாகச் சொன்னேன், திருப்பிச் சொன்னார், கரெக்ட். பிறகு கோப்பை இணையத்தில் ஏற்றினேன். அந்த வேகத்தில் அது போய்ச் சேர அரைமணி நேரமானது. இரண்டு பேரும் நீலக் கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறி முடிந்ததும் பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து அவர் கண் முன்னாலேயே அதைத் திறந்து காட்டினேன். அந்தக் கணினியில் முந்தின வாரமே எழுத்துருவைப் போட்டு வைத்திருந்தேன். அவருடைய வார்த்தைகள், அவருடைய எழுத்தில், ஒரு கட்டமோ கிறுக்கலோ இல்லாமல் வரிசையாக நின்றன.

அவர் சீட்டைக் கையில் எடுத்தார். இரண்டாக மடித்து, கிழிக்க விரலை வைத்தார். அப்படியே நிறுத்திவிட்டார். மடிப்பைப் பிரித்து, மேஜையில் வைத்து நீவிவிட்டு, என் கையில் கொடுத்தார்.

“வச்சுக்க. ரெண்டு இடத்துல இருக்கட்டும்.”

அவர் போய் இப்போது பல வருடம் ஆகிறது. அந்த அகராதி இன்று எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. சேலத்திலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் திருத்தம் எழுதி அனுப்புகிறார்கள். நான் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துச் சேர்க்கிறேன். சீட்டு என் வீட்டு பீரோவில் இருக்கிறது. நடுவில் அந்த மடிப்புக் கோடு அப்படியே தெரியும்.

நித்யா, அட்டவணையை அழிக்காதே. சீட்டை ஜெராக்ஸ் எடுத்து உனக்கு ஒன்று அனுப்புகிறேன். அங்கேயும் ஒன்று இருக்கட்டும்.